பின்புறம் இல்லாத வீடு

தர்சா மீச் தன் வீட்டை வெறுத்த அளவுக்கு ஊரில் யாரும் எதையும் வெறுத்ததில்லை. அந்த வீட்டை அவள் தேய்த்துக் கழுவிய அளவுக்கு யாரும் எதையும் கழுவியதும் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று அவள் கணவன் ஏபெல் சொல்வான். அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வான்.

வீடு பாரோ எஸ்டேட்டின் பெரிய இரும்புக் கேட்டை ஒட்டி இருந்தது. எஸ்டேட்டின் சொந்தக்காரரான இப்போதைய கர்னலின் முன்னோர் ஒருவர் கட்டியது. லண்டனிலிருந்து குதிரைக் கோச்சு வண்டியில் வரும் விருந்தாளிகளுக்கு மாளிகையைப் பார்ப்பதற்கு முன்பே மனம் இளக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கேட்டுக்கு வெளியே அப்போது நிஜக் குடிசைகள் இருந்தன. அவற்றைப் பார்த்தால் மனம் இளகாது, வயிறுதான் குமட்டும். ஆகவே நிஜக் குடிசைகளை இடித்து அப்புறப்படுத்திவிட்டு, குடிசை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தமக்குத் தோன்றியதோ அப்படி ஒன்றைக் கட்டிவைத்தார். அதில் ஆள் குடியிருக்கப்போகிறது என்ற விஷயம் கடைசிவரை அவர் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

எட்டுப் பக்கம் கொண்ட வீடு. நடுவில் ஒரே ஒரு தடித்த புகைபோக்கி. அதைச் சுற்றிக் கோதுமை வைக்கோல் கூரை, கண்வரை இழுத்துவிட்ட தொப்பியைப்போல இறங்கியிருக்கும். கூரையின் ஓரத்தைத் தாங்கிச் சுற்றிலும் பட்டை உரிக்காத ஓக் மரத் தூண்கள். காட்டில் நின்ற மரம் அப்படியே நடந்துவந்து வீட்டைத் தாங்குகிறது என்று விருந்தாளிகள் நினைக்க வேண்டுமாம். அந்தப் பட்டைக்கு அடியில் மரப்பேன்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தின. சன்னல்கள் மாதாகோவில் சன்னல்களைப்போல மேலே கூர்மையானவை, சாய்சதுரக் கண்ணாடித் துண்டுகள் ஈயத்தில் பதித்தவை. அவற்றில் ஒன்று பொய்ச் சன்னல். அந்த இடத்தில் உள்ளே புகைபோக்கிக்குப் போகும் அடுப்புக் குழாய் இருந்ததால், வெளிச்சுவரில் கண்ணாடியையும் பாதி விலக்கிய திரையையும் வண்ணத்தில் எழுதிவிட்டார்கள். எழுதிய கண்ணாடியையும் தர்சா வாரம் ஒருமுறை துடைத்தாள்.

உள்ளே ஒவ்வோர் அறையும் பாலாடைக்கட்டியை வெட்டி எடுத்த துண்டுபோல இருக்கும். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூர். நேரான சுவர் என்று ஒன்று உண்டு, அதுவும் அலமாரிக்குப் போதாது. கல்யாணமாகி வந்தபோது தர்சாவோடு அவள் அம்மாவின் வால்நட் அலமாரி வந்தது. அன்றிலிருந்து அது அறையின் நடுவே, எந்தச் சுவரோடும் ஒட்டாமல், வழி கேட்டு நிற்கும் ஆளைப்போல நின்றது. பின்னால் முக்கோண இடுக்கு ஒன்று. எலி செத்தால் எப்போதும் அங்கேதான் சாகும்.

தரையைப் பற்றிச் சொல்லவே அவளுக்குக் கூசும். முன்னறையின் தரை எலும்பால் ஆனது. ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை நிறுத்திவைத்து, நட்சத்திரமும் வட்டமுமாகப் பதித்திருந்தார்கள். பார்க்க வந்த சீமாட்டிகள் குனிந்து தடவி, என்ன நயம் என்பார்கள். தர்சா முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தத் தரையில் மண்டியிட்டுத் தேய்த்தவள். எத்தனை தேய்த்தாலும் எலும்பு எலும்புதான். ஈரம் பட்டால் கசாப்புக்கடை வாடை வரும் என்பாள். ஏபெலுக்கு அப்படி எந்த வாடையும் வந்ததில்லை, ஆனால் ஏபெல் தோட்டத்தில் உரம் கிளறுகிறவன்.

எல்லாவற்றையும்விட மோசம் கூரை. எங்கள் பக்கத்தில் வைக்கோல் வேய்கிறவர்கள் பழையதைப் பிரிப்பதில்லை. உளுத்த மேல்தோலை மட்டும் சீவிவிட்டு, அதன்மேலேயே புதிதாக ஓர் அடுக்கு வேய்வார்கள். பார்ப்பவர்களுக்கு அது பொன்னிறமான புதுக்கூரை. உள்ளே அதற்கு அடியில் விக்டோரியா ராணி காலத்து வைக்கோல், அதற்கும் அடியில் ஜார்ஜ் ராஜாக்கள் காலத்து வைக்கோல், எல்லாவற்றுக்கும் நடுவே அந்தந்தக் காலத்து எலிக்கூடுகளும் குருவி எச்சமும். மாடி அறையில், கூரைக்கு அடியில், சாக்குத்துணியை ஆணியடித்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தது. மேலிருந்து உதிர்வதை அது தாங்கிக்கொள்ளும். கட்டிலில் படுத்துப் பார்த்தால் அந்தத் துணியில் எலிகள் நடக்கும் தடம் தெரியும். வயிற்றின் பாரத்தில் துணி தொய்ந்து, அந்தத் தொய்வு மெதுவாக ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும். மழை பெய்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டும். ஆளுக்கொரு சொட்டு என்று பார்த்துப் பகிர்ந்து சொட்டும் என்பான் ஏபெல்.

ஒருமுறை கூரை வேயும் ஜாப் ஸ்டிக்லண்ட் ஏணியில் நின்றிருந்தபோது, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு அடியிலிருந்து தொடங்கக் கூடாதா என்று தர்சா கேட்டாள்.

"அடியில இருக்கறத எடுத்தா வீடு நிக்காது மிசஸ் மீச். அதுதான் எல்லாத்தையும் புடிச்சுக்கிட்டிருக்கு."

"எது? எலியா?"

"எலிக்கும் பங்கு உண்டு" என்றார் ஜாப், வேலையை நிறுத்தாமல்.

இந்த வீட்டுக்குப் பின்புறம் கிடையாது. கட்டியவர் அப்படித்தான் திட்டம் போட்டார். சாலையிலிருந்து பார்த்தாலும் மாளிகையிலிருந்து திரும்பும் வழியில் பார்த்தாலும் புல்வெளியில் உலாவிக்கொண்டே பார்த்தாலும் முன்பக்கம்தான் தெரிய வேண்டும். எட்டுப் பக்கமும் முகம். மற்றவர்கள் வீட்டில் பின்புறத்தில் நடக்கும் காரியங்களுக்கு இங்கே இடமில்லை. கழிப்பிடம் தூரத்தில் லாரல் புதருக்குள் ஒளிந்திருந்தது. அடுப்புச் சாம்பலைக் கர்னலின் தோட்டம்வரை சுமந்து போக வேண்டும். வண்டிப்பாதையிலிருந்து கண்ணில் படும் எந்த இடத்திலும் துணி உலர்த்தக் கூடாது என்பது குடியிருப்புக்கான நிபந்தனை. எட்டுப் பக்கமும் கண்ணில் படுவதால், தர்சா துணி முழுவதையும் வீட்டுக்குள்ளேயே, புகைபோக்கியைச் சுற்றிக் கயிறு கட்டித்தான் உலர்த்தினாள்.

அதோடு அங்கி ஒன்று. ஏபெலின் பாட்டி காலத்தில், கேட்டைத் திறக்கிற பெண் சிவப்பு அங்கியும் உயரமான கறுப்புத் தொப்பியும் அணிந்திருக்க வேண்டும் என்று விதி. வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கவேண்டுமாம். தர்சா மணமகளாக வந்த அன்று கர்னலின் அம்மா அந்த அங்கியைப் பரிசுபோலக் கொடுத்தனுப்பினார். தர்சா அதை ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தாள். மறுநாள் வெட்டி, அடுப்புக்குக் கறுப்பு மெருகு போடும் துணியாக்கிக்கொண்டாள். நல்ல கம்பளி, நெடுநாள் உழைத்தது.

அங்கி போனாலும் பார்க்க வருகிறவர்கள் போகவில்லை. தபாலாபீசில் இந்த வீட்டின் படம் போட்ட அட்டை விற்கும். கோடையில் கார்கள் நிற்கும். முன்பின் தெரியாதவர்கள் சன்னலில் மூக்கை அழுத்திக் கண்ணாடியில் ஆவி படியவைப்பார்கள். ஒருமுறை ஓவியர் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாசலில் நிற்கும்படியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றும்படியும் தர்சாவிடம் கேட்டார். அவள் கையில் சாம்பல் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட முடியுமா என்றும் கேட்டார். அவள் கண்ணாடியைக் கழற்றாமல், வாளியையும் வைக்காமல், படத்திலிருந்து நடந்து வெளியேறினாள்.

இப்படி இருக்கையில்தான், யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, ஊரின் மறுகோடியில் மில் சந்தில் கவுன்சில் புது வீடுகள் கட்டியது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, நாலு பக்கமும் நேர். மாடியில் வெள்ளைக் குளியல் தொட்டி, திறந்தால் வெந்நீர். ஆனால் அது யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்காது. குடியிருக்கும் வீடு மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று சுகாதார இன்ஸ்பெக்டர் எழுதித்தர வேண்டும்.

முதல் வீடு ஆலிவ் ஸ்குவிப்புக்குக் கிடைத்தது. ஆலிவ் தர்சாவின் வயதுக்காரி, கண்டவரையெல்லாம் தங்கம் என்று அழைக்கிறவள், வீட்டைப் பெருக்குவது கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை போதும் என்ற கொள்கை உள்ளவள். இன்ஸ்பெக்டர் போன அன்று அவள் சமையலறை மேசையில் கோழி நடந்துகொண்டிருந்ததாம். அவர் பேனாக்கத்தியை நிலைப்படியில் குத்திப்பார்த்தார், கத்தி பிடிவரை உள்ளே போனது. அங்கேயே எழுதிக்கொடுத்துவிட்டார். அழுக்காக இருந்ததற்குப் பரிசாக ஒருத்திக்குக் குளியல் தொட்டி கிடைக்கிற காலத்தில் வாழ்கிறோம் என்று தர்சா ஏபெலிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டைப் பார்க்கவும் போனாள்.

ஆலிவ் தொட்டியைக் காட்டினாள். தர்சாவுக்குத் தொட்டி இரண்டாம்பட்சம். படுக்கையறையில் அவள் கையை விரித்துச் சுவரில் வைத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடந்தாள். சுவர் எங்கும் திரும்பவில்லை. அம்மாவின் அலமாரி இங்கே நின்றால் அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. அந்த நினைப்பில் அதே சுவரோடு இன்னொரு முறை நடந்தாள். ஆசையை ஆலிவிடம் காட்டிக்கொள்ளாமல், தொட்டியில் கறை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு வீடு மட்டும் பாக்கி இருந்தது. மாதக் கடைசியில் கவுன்சில் கூடி அதை யாருக்காவது ஒதுக்கிவிடும். ஏபெல் தலையைச் சொறிந்துகொண்டே விண்ணப்பம் போட்டான். கர்னலுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று பயந்தான், ஆனால் தர்சாவின் மௌனத்துக்கு அதைவிட அதிகமாகப் பயந்தான். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது.

ஆலிவ் வழியில் நிறுத்தி அறிவுரை சொன்னாள்.

"இங்க பாரு தங்கம், ஒரு வாரத்துக்கு விளக்குமாத்தத் தொடாத. சொட்டுற எடத்துல வாளி அப்படியே இருக்கட்டும். அலமாரிக்குப் பின்னால செத்தது எதுனா இருந்தா எடுத்துடாத, அது உனக்காக சாட்சி சொல்லும். எலி உண்டான்னு கேட்டா உண்டுன்னு சொல்லு. கூச்சப்படாத."

"எனக்குத் தெரியாதா மிசஸ் ஸ்குவிப்" என்றாள் தர்சா.

தெரியாது என்பதுதான் விஷயம்.

முதல் நாள் ரொட்டித் துணுக்குகளை மேசையிலேயே விட்டுவைத்தாள். அவற்றைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவை அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. ஏபெல் வந்து, நல்லாயிருக்கு பொண்ணே, அப்படியே விடு என்று உற்சாகமூட்டினான். மறுநாள் சன்னல் துடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் எலும்புத் தரையில் வெறுங்காலோடு நடந்தபோது ஏதோ ஒட்டியது. அவளுக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல ஆனது. இந்தத் தரையை, இதே நிலையில், டை கட்டின ஒரு வேற்றாள் பார்க்கப்போகிறான். பார்த்துவிட்டு மிசஸ் மீச் வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கப்போகிறான். அவன் அதை எழுதுவான். எழுதினதை நகரத்தில் யாரோ ஒரு பெண் தட்டச்சு செய்வாள்.

புதன்கிழமை விடியற்காலையில் அவள் தரை தேய்க்கும் வாளியைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஏபெல் தோட்டத்திலிருந்து திரும்பியபோது வாசற்படி வெள்ளைக் கல்லால் தேய்த்துப் பளபளத்தது. எலும்புத் தரை ஒவ்வோர் எலும்பாகக் கழுவப்பட்டிருந்தது. மாடியில் பழுப்புக் கறைகள்மேல் புதுச் சுண்ணாம்பு. சொட்டுகிற இடங்களுக்குக் கீழிருந்த வாளிகளெல்லாம் விறகுக் கொட்டகைக்குப் போயிருந்தன. அலமாரிக்குப் பின்னாலிருந்த சாட்சியைப் புதைத்தாகிவிட்டது. கழிப்பிடத்தில் சுண்ணாம்புத்தூள் தூவி, லாவெண்டர் கொத்துகூடக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்த வார ரேஷன் வெண்ணெய் முழுவதும் ஒரு கேக்குக்குள் போயிருந்தது.

"தர்சா" என்றான் ஏபெல், வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "அவரு வர்றது வீட்ட மோசம்னு சொல்றதுக்குடீ."

"சொல்லட்டும். வீட்டத்தான சொல்லணும். என்னச் சொல்லக் கூடாதுல்ல?"

இன்ஸ்பெக்டரின் பெயர் பென்ஃபோல்ட். ஒல்லியான, அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கிற மனிதர். கேட்டில் வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு வீட்டை வெகுநேரம் பார்த்தார். எல்லோரையும்போல அவருக்கும் மனம் இளகியது, கட்டியவர் அந்த அளவுக்குக் கெட்டிக்காரர். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரவைக்கப்பட்டார் என்று சொல்வதே சரி. கையில் கேக் தட்டும் தேநீரும் வந்தன. சீமைச்சீரகம் போட்ட கேக். அவர் இரண்டாவது துண்டும் சாப்பிட்டார். கத்தியை வெளியே எடுக்கும் மனநிலை அவருக்கு இல்லை.

ஈரம் ஏறுகிறதா என்று கேட்டார். ஈரமா, அடுப்பு எரிகிற வீட்டில் ஏது ஈரம் என்றாள் தர்சா. பூச்சி பொட்டு உண்டா என்றார். சுத்தமாக வைத்துக்கொள்கிற வீட்டில் அதெல்லாம் வராது சார் என்றாள். ஏபெல் மூலையில் நின்று கண்ணாலும் புருவத்தாலும் இருமலாலும் சைகை செய்தான். அவள் அவனுக்கு இருமல் மருந்து எங்கே இருக்கிறது என்று சொன்னாள்.

அப்போது மழை பிடித்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம், மாடிப் பலகையின் இடுக்கு வழியாக, பென்ஃபோல்டின் தேநீர்க் கோப்பைக்குள் ஒரு சொட்டு விழுந்தது. மிகச் சரியாக நடுவில். அதே நிறம் என்பதால் கலந்துவிட்டது. அவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். பிறகு தர்சாவைப் பார்த்தார்.

"மிசஸ் மீச், கூரை ஒழுகுதுன்னு நீங்க சொன்னீங்கன்னா, நான் எழுதியாகணும். அது என் கடமை."

அவர் வழியைத் திறந்துகொடுத்துவிட்டார். அவள் ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். ஏபெல் இருமுவதை நிறுத்தினான். தர்சாவின் முகம் கழுத்திலிருந்து சிவந்தது. அவள் எழுந்து, அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கி, வேறு கோப்பையில் புதுத் தேநீர் ஊற்றிக்கொடுத்தாள்.

"அது தேயிலைத் தூசி சார். இப்ப வர்ற ரேஷன் தேயிலை அப்படித்தான் இருக்கு."

"தேயிலைத் தூசி" என்றார் அவர்.

"ஆமா சார்."

இன்னொரு சொட்டு அவருடைய முழங்காலில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்காததுபோல நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார். தர்சாவும் அவர் நகர்ந்ததைக் கவனிக்காததுபோல இருந்தாள். மழை நிற்கும்வரை இருவரும் ராஜ குடும்பத்தைப் பற்றி மிக மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். புறப்படும்போது பென்ஃபோல்ட் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்றார். இந்த வட்டாரத்தில் எல்லா வீட்டையும் இப்படி வைத்திருந்தால் தனக்கு வேலையே இருக்காது என்றும் சொன்னார். தர்சாவின் வாழ்க்கையில் யாரும் அவளுக்குச் சொன்ன மிக நல்ல வார்த்தை அதுதான். அவளுக்கு நேர்ந்த மிகப் பெரிய நஷ்டமும் அதே வார்த்தைதான்.

அவர் சைக்கிள் திருப்பத்தில் மறைந்ததும் ஏபெல் கொட்டகைக்குப் போய் வாளிகளை எடுத்துவந்து, அவையவை இருந்த இடத்தில் வைத்தான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்றிரவு மேலே துணியில் எலி நடந்தபோது அவளுக்கு எலிமீது அருவருப்பு வரவில்லை. எலி பொய் சொல்லவில்லை. டை கட்டின ஒருவன் முன்னால் நல்ல பேர் வாங்குவதற்காக, வாசலில் வந்து நின்ற நேர்ச்சுவரை விரட்டியடித்தது அவள்தான். வாய் கசந்தது. எழுந்து வாய் கொப்பளித்தாள், கசப்பு போகவில்லை. ஆலிவ் விஷயத்தைக் கேள்விப்பட்டு, கேக்கு வேற குடுத்தியா தங்கம் என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை அடைமழை.

திங்கட்கிழமை என்றால் எங்கள் பக்கத்தில் துணி துவைக்கும் நாள். அன்று மானமுள்ள யாரும் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். பாதிரியார்கூட, யாராவது சாகக் கிடந்தால் ஒழிய, செவ்வாய்க்கிழமைவரை காத்திருப்பார். அன்றைக்கு மதியம் தர்சாவின் வீட்டில் ஈரப் படுக்கைவிரிப்புகள் புகைபோக்கியைச் சுற்றித் தொங்கின. கொதிக்கும் செப்புத் தொட்டியிலிருந்து ஆவி எழுந்து கூரையில் முட்டி, வைக்கோலை நனைத்து, நூறு வருஷத்து எலி வாடையோடு திரும்ப இறங்கியது. எல்லா வாளியும் போதாமல் ரொட்டி பிசைகிற கிண்ணம்வரை தரையில் இருந்தது. எலும்புகளுக்கு நடுவே பழுப்பு நீர் ஓடியது. தர்சா தலையில் துணி கட்டி, சட்டைக் கைகளைத் தோள்வரை மடித்துவிட்டு, பல் செட்டைக் கழற்றி அலமாரி மேல் வைத்திருந்தாள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஏபெல்தான் சாவியை மறந்துவிட்டான் என்று நினைத்துத் திறந்தாள்.

வாசலில் பென்ஃபோல்ட், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார்.

தர்சா ஒரு கையால் வாயை மூடிக்கொண்டாள். மறு கையால் கதவைப் பாதி சாத்தினாள்.

"திங்கக்கெழமை ஒரு வீட்டுக்கு வர்றீங்களே, ஒங்கள யாரு வளத்தது?"

"எங்கம்மா" என்றார் அவர். "இன்ஸ்பெக்டர் வர்றாருன்னா மூலைக்கு மூலை சுண்ணாம்பு அடிச்சிருவாங்க. அன்னிக்கு இங்க வந்தப்ப அதே சுண்ணாம்பு வாசன. அவங்ககிட்ட போன மாதிரி இருந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எங்கம்மா வீட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் திங்கக்கெழமை வரல. அந்த வீட்டுலேயே செத்துப்போனாங்க. நெஞ்சுச் சளி."

"உள்ள விடமாட்டேன்."

"வேணாம் மிசஸ் மீச். எனக்கு ஜலதோஷம். எனக்கே இங்கேர்ந்து வாசன தெரியுது."

இதைவிட அவமானமான ஒரு வாக்கியம் அவள் வாசலில் அதுவரை சொல்லப்பட்டதில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் ஈரத் துணிகளுக்கு நடுவே நின்றாள். வெளியே அவர் பேனாக்கத்தியைத் திறக்கிற சின்னச் சத்தமும், அது தூணில் இறங்குகிற சத்தமே இல்லாததும், கேட்டன.

மில் சந்து வீடு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. குடிபோவதற்கு முன் ஒரு காரியம் பாக்கியிருந்தது. சட்டப்படி, மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்ற அறிவிப்பை வீட்டில் ஒட்ட வேண்டும். கவுன்சில் ஆள் சுத்தியலோடு வந்தான். அதே நேரத்தில் கர்னலும் மாளிகையிலிருந்து நடந்து வந்தார். அவர் தர்சாவிடம் கோபமாகப் பேசவில்லை, மிகவும் ஏமாற்றமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பரம்பரையாக இந்த வீட்டைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை என்றார். குறை சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் வாளி வைத்துக்கொண்டிருந்தார்கள் சார் என்று ஏபெல் சொல்ல நினைத்தான், சொல்லவில்லை.

"அதப் பின்பக்கமா மாட்டிடுங்க" என்றாள் தர்சா கவுன்சில் ஆளிடம். சாலையில் போகிற பஸ்ஸில் ஊர்ச் சனம் முழுக்கப் போகும். அவள் பெயர் அதில் இல்லைதான். ஆனால் யார் வீடு என்று யாருக்குத் தெரியாது?

"ஆமாம், பின்பக்கம். அதுதான் நல்லது" என்றார் கர்னல். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

கவுன்சில் ஆள் நல்லவன். அறிவிப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனான். கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கமிருந்து வந்து சேர்ந்தான். இன்னொரு முறை சுற்றினான். மறுபடியும் அவர்கள் முன்னாலேயே வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"பின்பக்கம் எதுங்க?"

கர்னல் வீட்டை ஏறிட்டுப் பார்த்தார். தம் முன்னோரின் கலையை அவர் முதன்முறையாக உள்ளே குடியிருப்பவரின் இடத்திலிருந்து பார்த்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

தூணில் ஆணி அடித்தபோது அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. பட்டை பிளந்து மரப்பேன்கள் சாம்பல் நிறத் தானியம்போலக் கொட்டின. வேறு தூணும் அப்படித்தான். கடைசியில் கதவில் அடித்தான், நேராகச் சாலையைப் பார்த்து. அவன் போனபிறகு தர்சா ஈரத்துணி எடுத்துவந்து, அறிவிப்பில் பட்டிருந்த அவன் கைரேகையைத் துடைத்தாள்.

அலமாரியை வெளியே எடுத்த அன்று, அதன் முதுகுப்பக்கத்தை அவள் முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். பார்த்ததைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. சோடா உப்பும் வெந்நீருமாக ஒரு நாள் முழுக்கப் போராடியபிறகே அதை மில் சந்துக்குள் விட்டாள். படுக்கையறையில் அது சுவரோடு ஒட்டி நின்றது. இடையில் தாள் நுழைகிறதா என்று ஏபெல் சோதித்துப் பார்த்தான், நுழையவில்லை. பக்கத்து வீடு ஆலிவுடையது, அவளுடைய கோழிகள் வேலியைத் தாண்டி வரும் என்பது மட்டும்தான் குறை. அந்தக் குறை தர்சாவை வெகுகாலம் ஆரோக்கியமாக வைத்திருந்தது.

சட்டம் கர்னலுக்கு இரண்டு வழி விட்டிருந்தது, இடிப்பது அல்லது பழுதுபார்ப்பது. அவர் ஜாப் ஸ்டிக்லண்டைக் கூப்பிட்டார். ஜாப் உளுத்த மேல்தோலைச் சீவிவிட்டு, அதன்மேலேயே பொன்னிறமாகப் புது அடுக்கு ஒன்றை வேய்ந்தார். தூண்களைப் புதிதாக, பட்டையோடு, நட்டார்கள். அறிவிப்பைப் பிடுங்கிய இடத்தில் பூவளையம் ஒன்று தொங்கியது. லண்டனிலிருந்து ஒரு தம்பதி வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் வந்து தங்கினார்கள். கேட்டைத் திறக்கும் வேலையும் இப்போது ஏபெலுடையது, அவனுக்கு மதியச் சோறு கொண்டுபோன ஒரு நாளில் அந்த லண்டன் பெண் தர்சாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் எலும்புத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். தர்சா அந்தக் கால்களைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றாள்.

"நீங்கதான் இங்க அவ்வளவு வருஷம் இருந்தீங்களாமே மிசஸ் மீச்? என்ன குடுத்துவெச்சவங்க நீங்க. ஒண்ணு கேக்கணும். மாடியில ராத்திரி ஏதோ நடக்கற மாதிரி இருக்கு. காலையில தலகாணியில தூசி மாதிரி என்னமோ கெடக்கு. கூரையிலேர்ந்து ஏதாவது விழுமா?"

ஏபெல் சாப்பாட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டே, மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான்.

"என் காலத்துல ஒண்ணும் விழுந்ததில்ல மேடம்" என்றாள் தர்சா. "நாங்க சுத்தமா வெச்சிருந்தோம்."

சொல்லிவிட்டு மில் சந்துக்கு நடந்தாள். போனதும் கைகளைக் கழுவிக்கொண்டாள், வெந்நீர்க் குழாயில், முழங்கைவரை.